முன் படம், பின் படம்

"பிரதர், பிள்ளைய சேர்ல வச்சித் தள்ளிக்கினு வரணுமா, தூக்கிக்கினு வரணுமா?" என்று ஆரோக்கியமேரி போனில் கேட்டாள்.

"கர்த்தர் பார்த்துக்குவார் சிஸ்டர்" என்றார் ஃபிராங்க்ளின்.

அவள் இன்னொரு தடவை கேட்டாள். அவரும் இன்னொரு தடவை அதையே சொன்னார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதில் ஆரோக்கியமேரிக்குச் சந்தேகமே கிடையாது. ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். கேட்ட கேள்விக்கு ஃபிராங்க்ளின் ஏன் பதில் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஃபிராங்க்ளின் 'கனிவுக் கரங்கள் உலக மருத்துவ ஊழியம்' என்ற அமைப்புக்குப் பெங்களூர் ஒருங்கிணைப்பாளர். வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்காவிலிருந்து ஒரு குழு விமானம் ஏறி வரும். நடக்க முடியாத பிள்ளைகளைப் பார்க்கும், ஜெபிக்கும், சக்கர நாற்காலி கொடுக்கும், படம் எடுக்கும், கடைசி நாள் மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இந்த வருடம் முகாம் லிங்கராஜபுரத்திலேயே, ஆரோக்கியமேரி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில்.

போன வருடமே அவளுக்கும் ஃபிராங்க்ளினுக்கும் ஒரு பேச்சு நடந்திருந்தது. மகள் பிரிசில்லா சின்னப் பிள்ளையாக இருந்தபோது உட்கார்ந்த பழைய நாற்காலி ஒன்று மாடிப்படிக்குக் கீழே வெங்காயக் கூடையைச் சுமந்துகொண்டு நின்றது. நல்ல நிலையில் இருக்கிறது, யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். ஃபிராங்க்ளின் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். பழையதைக் கொடுத்தால் ஊழியத்தின் சாட்சி, அதாவது நல்ல பேர், கெட்டுவிடும். வெளிநாட்டில் நன்கொடை கொடுத்தவர்கள் மனம் புண்படுவார்கள் என்றார். வெங்காயக் கூடை இருந்த இடத்திலேயே இருந்தது.

பிரிசில்லாவுக்கு இப்போது பதினொரு வயது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் கைகால்கள் அவள் சொன்னபடி கேட்பதில்லை. நாக்கும் அப்படித்தான். பழகாதவர்களுக்கு அவள் பேச்சு குழறலாகக் கேட்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு மரகதத்துக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு எழுத்து விடாமல் புரியும். புரிந்தவர்கள் அவளிடம் வாய் கொடுக்க யோசிப்பார்கள்.

அவள் உட்காரும் நாற்காலி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது பாதி, வீட்டில் சேர்ந்தது பாதி. முதுகு சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் பைக் சீட்டுப் பஞ்சை வைத்து ஆரோக்கியமேரியே தைத்திருந்தாள். முன்பலகை அப்பா வின்சென்ட்டின் கேரம் போர்டிலிருந்து வந்தது. கோலார் தங்கவயலில் வாலிபர் சங்கப் போட்டியில் ஜெயித்த போர்டு. ஒரு மூலையை அறுத்த அன்றைக்கு மனிதர் சவாரிக்கு ஆட்டோவை எடுக்கவில்லை. கேரம் போர்டின் மூலை ஓட்டையில் பிரிசில்லாவின் எவர்சில்வர் தம்ளர் கச்சிதமாக உட்காரும். இடது பக்க பிரேக் கம்பிமேல் ஒரு முழ பிளாஸ்டிக் பைப்பைச் செருகியிருந்தார்கள். அதைத் தட்டினால் பிரேக் விழும். உலகத்தில் யார் தயவும் இல்லாமல் பிரிசில்லா தானாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான். பிடிக்காத சொந்தக்காரர்கள் கொஞ்சுவதற்காகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தால் பிரேக் விழுந்துவிடும்.

அந்த நாற்காலி இருந்தால் அவள் பள்ளிக்கூடம் போவாள், புரையேறாமல் சாப்பிடுவாள். இல்லையென்றால் பாய்தான், சுவர்தான். இப்போது அதில் ஒரே ஒரு குறை. பிள்ளை வளர்ந்துவிட்டாள், கால் பலகை மேலே இருப்பதால் முழங்கால் கேரம் போர்டில் இடிக்கிறது. கால் பலகையைக் கொஞ்சம் இறக்கித் தர வேண்டும். வெளிநாட்டு டாக்டர் வருகிறாரே, அதைக் கேட்கலாம் என்றுதான் கிளம்பினாள்.

துணைக்கு மரகதம் வந்தாள். தெருமுனையில் பூக்கடை. "ஃப்ரீயா குடுக்கறவன் எதுக்கு வா வான்னு பத்து வாட்டி போன் பண்றான்? நம்ம ஊர்ல ஃப்ரீன்னா நாமதானே வரிசைல நின்னு அடி வாங்கணும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மண்டப வாசலில் நீல டீ-ஷர்ட் தொண்டர்கள் கை தட்டி வரவேற்றார்கள். ஃபிராங்க்ளின் கழுத்தில் அட்டை ஆடியது. அவர் முதலில் நாற்காலியைப் பார்த்தார், பிறகுதான் பிள்ளையை.

"சேர் நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க சிஸ்டர். கொடுங்க, இலவச சர்வீஸ் பண்ணித் தர்றோம்."

கால் பலகையை இறக்குவீர்களா என்று ஆரோக்கியமேரி கேட்டாள். எல்லாம் செய்வோம் என்றார் அவர். நாற்காலியின் பிடியில் கை வைத்தார். அவர் கை பட்டதுமே பிரிசில்லா பைப்பைத் தட்டினாள். பிரேக் விழுந்தது. தள்ளிப் பார்த்தார், அசையவில்லை.

"பாருங்க, ஜாம் ஆயிருக்கு. இதுக்குத்தான் சர்வீஸ்னு சொன்னேன்" என்றார் ஃபிராங்க்ளின்.

ஆரோக்கியமேரி வாயைத் திறப்பதற்குள் பிரிசில்லாவை அவள் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு தொண்டர்கள் நாற்காலியைப் பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டார்கள்.

"என் தம்ளர்" என்றாள் பிரிசில்லா.

அடுத்தது படம். இந்த ஊழியத்தில் எல்லாமே இரண்டு படங்களுக்கு நடுவில் நடக்கிறது என்பது ஆரோக்கியமேரிக்கு அப்போது தெரியாது. உதவி பெறும் முன் எடுப்பது முன் படம். பெற்ற பின் எடுப்பது பின் படம். முன் படத்தில் பிள்ளை தரையில் இருக்க வேண்டும். பழைய பாய் ஒன்று தயாராக இருந்தது. மண்டபத்துக்காரர் நல்ல ஜமக்காளம் கொடுத்தும் அதை மறுத்து, இந்தப் பாயை சிவாஜிநகரில் தேடி வாங்கி வந்ததாக ஃபிராங்க்ளின் பெருமையாகச் சொன்னார். பிள்ளைகளின் செருப்பைக் கழற்றினார்கள். பிரிசில்லா தலையில் மரகதம் வைத்துவிட்ட மல்லிகையையும் எடுக்கச் சொன்னார்கள்.

"பூவு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் மரகதம்.

"பின் படத்துல வச்சுக்கலாம் அம்மா" என்றார் ஃபிராங்க்ளின்.

படம் எடுத்தது ஆஷ்லி என்ற அமெரிக்கக் கல்லூரிப் பெண். கேமராவைக் கண்டதும் பிரிசில்லா சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். சிரிக்க வேண்டாம் என்று ஆஷ்லி சைகை காட்டினாள். அந்தச் சைகை வேடிக்கையாக இருக்கவே இன்னும் பெரிதாகச் சிரித்தாள். ஃபிராங்க்ளின் குனிந்து, உனக்கு வாழ்க்கையில் என்ன வருத்தம் என்று யோசித்துப் பாரும்மா என்று கேட்டுக்கொண்டார். பிரிசில்லா யோசித்தாள். கணக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. அதற்கும் சிரிப்புத்தான் வந்தது. கடைசியில் ஜன்னல் திரையை விலக்கினார்கள். வெயில் கண்ணில் அடித்தது, முகம் சுருங்கியது, படம் கிடைத்தது.

"இதுதான். இதுல நம்பிக்கை இழந்தது அப்படியே தெரியுது" என்றார் ஃபிராங்க்ளின்.

டாக்டரைப் பார்க்கும் வரிசையில் ஒரு மனிதர் ஆறு வயதுப் பையனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நின்றார். பெயர் யேசுதாஸ், பெயின்டர் வேலை. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பையன் கிஷோருக்கு முதுகெலும்பில் கோளாறு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இதுவரை நாற்காலியே கிடையாது. வேலை இருக்கும் நாளில் பையனைக் கொத்தனார் மணலில் உட்காரவைத்துவிட்டுச் சாரத்தில் ஏறுவாராம்.

"இவனுக்கு சேர் உறுதின்னு சொல்லியிருக்காங்க அக்கா. அதான் ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்தேன்" என்றார்.

"உறுதின்னு யாரு சொன்னது?"

"ஃபிராங்க்ளின் பிரதர்."

மரகதமும் ஆரோக்கியமேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழுவின் தலைவர் டாக்டர் டக்ளஸ், நல்ல உயரம், நல்ல சிரிப்பு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். ஆரோக்கியமேரி கால் பலகையைப் பற்றிச் சொன்னாள். பக்கத்தில் நின்ற தொண்டர் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் கருணையோடு தலையாட்டி, பிரிசில்லாவின் வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

பிரிசில்லா இங்கிலீஷ் மீடியம். கால் பலகை உயரம், முழங்கால் இடிக்கிறது, அதை இறக்க வேண்டும் என்று இங்கிலீஷிலேயே, ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து நிறுத்தி, நேராக அவரிடம் சொன்னாள். சொல்லி முடிக்கவே நேரம் பிடித்தது. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, கண் கலங்கி, உன்னையும் கடவுள் ஆசீர்வதிப்பாராக என்று சொல்லி ஒரு டூத்பிரஷ் கொடுத்தார்.

"அம்மா, இவரு பல்லு டாக்டர்" என்றாள் பிரிசில்லா.

அது சரிதான். விசாரித்ததில் டக்ளஸ் பல் டாக்டர். மற்ற ஸ்டெதஸ்கோப்புகளில் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஒருவர் வீட்டுமனைத் தரகர், பாக்கி கல்லூரிப் பிள்ளைகள். இதை ஃபிராங்க்ளின் மறைக்கவில்லை. "டாக்டர்ங்கறது படிப்பு இல்ல சிஸ்டர், ஒரு மனநிலை. நடக்க முடியாத பிள்ளைக்கும் பல் இருக்கே? ஊழியம்னா இருக்கிறதுல ஆரம்பிக்கணும்" என்றார்.

பிறகு பொட்டலச் சாப்பாடு. பிரிசில்லா நிமிர்ந்து உட்கார நாற்காலி இல்லாததால் ஆரோக்கியமேரி சுவரில் சாய்ந்து, மகளைத் தன் நெஞ்சில் சாய்த்து ஊட்டினாள். இரண்டாவது வாயிலேயே புரையேறியது. கண்ணில் நீர் வரும்வரை பிள்ளை இருமினாள். ஆஷ்லி ஓடி வந்தாள். உதவத்தான் வருகிறாள் என்று நினைத்தார்கள். அவள் கையில் கேமரா இருந்தது. அதற்குமேல் பிரிசில்லா சாப்பிட மறுத்துவிட்டாள்.

"சர்வீஸ் முடிஞ்சிருக்கும், போய் சேரக் கேளு மரகதம்" என்றாள் ஆரோக்கியமேரி.

மரகதம் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"மேரி, அங்க ஒரு புது சேரும் கிடையாது. காலைல பிள்ளைங்க வந்த சேருங்க எல்லாத்தையும் தொடச்சி, ரிப்பன் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டிக்கினு இருக்கான். உன் சேருக்கும் ரோஸ் ரிப்பன். பிரேக்கு பைப்புல அவங்க கட்சிக் கொடிய செருகி வச்சிருக்கான்."

ஆரோக்கியமேரி மகளை மரகதத்தின் மடியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். ஃபிராங்க்ளின் ஸ்டிக்கர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. உட்காரச் சொன்னார். மனம் விட்டுப் பேசினார்.

அமெரிக்காவில் ஏற்றிய கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் நிற்கிறது. மருத்துவ உபகரணம் என்று எழுதிய பெட்டிகளில் பாதி கரடி பொம்மையாக இருப்பது ஏன் என்று சுங்கத்தில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குழு வந்துவிட்டது. மைசூருக்கு பஸ்ஸும் பிடித்தாகிவிட்டது. நன்கொடை கொடுத்தவர்கள் அங்கே அதிகாலைத் தூக்கத்தை விட்டு வீடியோவில் பார்க்க உட்காரப் போகிறார்கள். அவர்கள் விசுவாசம் உடைந்துபோனால் அந்தப் பழி யார்மேல்?

"எங்க சேர எங்களுக்கே குடுக்கப் போறீங்களா பிரதர்?"

"நீங்க சின்ன விஷயமாப் பார்க்கறீங்க. காலையில அது உங்க சேர். சாயங்காலம் அது ஆசீர்வாதம். பொருள் ஒண்ணுதான், வர்ற வழிதான் வேற. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சிஸ்டர், கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க."

"கால் பலகை?"

"அதுக்கும் சேர்த்து ஜெபிச்சாச்சு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நாற்காலி மாலையில் திரும்பி வரும் என்றால், அதற்கு ஒரு ரிப்பனையும் ஒரு கைகுலுக்கலையும் பொறுத்துக்கொள்ளலாம். சண்டை போட்டு வாங்கினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் நஷ்டம் இல்லை. ஆனாலும் அவளுக்கு ஒன்று இடித்தது. நாற்காலியே இல்லாமல் வந்த பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பார்கள்?

அதற்கு மாலை நிகழ்ச்சியில் பதில் கிடைத்தது.

மேடையில் திரை கட்டி அமெரிக்கக் குடும்பங்களை வீடியோவில் காட்டினார்கள். ஒவ்வொரு குடும்பமும் இன்ன மாதிரிப் பிள்ளைக்கு என்று கேட்டே பணம் கொடுத்திருந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட பையன் வேண்டும் என்று கேட்ட குடும்பம்தான் அதிகமாகக் கொடுத்த குடும்பம். எனவே பார்வைக்கு நன்றாக இருந்த நாற்காலி அவர்கள் பெயருக்குப் போனது. டிரம்ஸ் முழங்க, தொண்டர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரோஸ் ரிப்பன், பைப்பில் கொடி, கேரம் போர்டு. நடுவில் கிஷோரை உட்காரவைத்தார்கள். பையனின் கால் பாதி வழியிலேயே நின்றது, கால் பலகையைத் தொடவில்லை. அவன் தம்ளர் ஓட்டைக்குள் கையை விட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

பாயில் அம்மாமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிரிசில்லா மேடையையே பார்த்தாள். அம்மாவின் புடவையைப் பிடித்தாள். திங்கட்கிழமை அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

டக்ளஸ் பையனின் தலையில் கை வைத்தார். பின் படம் எடுத்தார்கள். நாற்காலியைத் தள்ளி மேடையை ஒரு சுற்று வர வேண்டும் என்றார்கள், தள்ளினால் நகரவில்லை. பரவாயில்லை என்று மறுபடியும் தூக்கியே சுற்றி வந்தார்கள். விழா முடிந்ததும் நாற்காலியும் பையனும் ஊழியத்தின் வேனில் நீலசந்திராவுக்குப் போவார்கள் என்று ஃபிராங்க்ளின் அறிவித்தார். வேன் வெளியே உறுமிக்கொண்டு நின்றது.

"இப்போ சாட்சி நேரம். ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவங்க மேடைக்கு வரலாம்."

இந்த மாதிரிக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தவரை யாரும் தடுக்கக் கூடாது. 'ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்துவிட்டால் அவராக முடிக்கும்வரை மைக்கைப் பிடுங்கக் கூடாது. அது பரிசுத்த ஆவியின் வாயை அடைப்பதற்குச் சமம். ஆரோக்கியமேரி கத்தோலிக்கச்சி, பூசையில் இந்த வழக்கம் கிடையாது. ஆனால் சித்தி வீட்டு ஜெபக்கூட்டங்களில் முழு மத்தியானத்தையும் இப்படி இழந்திருக்கிறாள்.

அவள் மகளை மரகதத்தின் மேல் சாய்த்துவிட்டு எழுந்து மேடை ஏறினாள்.

"ஸ்தோத்திரம்" என்றாள்.

ஃபிராங்க்ளின் முகத்தில் ஏதோ ஓடியது. ஆனால் மைக்கைப் பிடுங்க முடியாது. அவர் செய்யக்கூடியது இங்கிலீஷில் மொழிபெயர்ப்பது ஒன்றுதான். அதைச் செய்தார்.

"இந்த சேர் என் பொண்ணு பிரிசில்லாவோடது. ஆஸ்பத்திரில எழுதிக்குடுத்து, மாசக்கணக்கா நடையா நடந்து வாங்கினது."

"அல்லேலூயா" என்றது கூட்டம்.

பாயில் மரகதம் குனிந்தாள். "இங்கிலீஷ்ல இன்னா சொல்றான்?"

"அம்மா இந்த சேருக்காக வருசக்கணக்கா ஜெபம் பண்ணாங்களாம்" என்றாள் பிரிசில்லா.

"இந்த மெத்தைய நான் தெச்சேன். இந்தப் பலகை என் வீட்டுக்காரரு கேரம் போர்டு. அறுத்தது அவருதான்."

"ஆமென்."

"இப்போ?" என்றாள் மரகதம்.

"அப்பா சூதாட்டத்த விட்டுட்டாராம்."

"வின்சென்ட்டா?" மரகதம் நெஞ்சில் கை வைத்தாள். "தெருவுல சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனுசன்."

"காலைல வாசல்ல சர்வீஸ்னு சொல்லி வாங்கிக்கினாங்க. இப்போ ஸ்டிக்கர் ஒட்டி வேற பிள்ளைக்குக் குடுத்துட்டாங்க. அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்ல. எனக்கு சேர் வேணும். என் பொண்ணு இன்னும் சாப்பிடல."

கூட்டம் 'ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்' என்று கை தட்டியது. அமெரிக்கர்கள் கண்ணைத் துடைத்தார்கள். திரையிலும் ஒரு குடும்பம் முழுசாக அழுதது. என்ன மொழிபெயர்ப்பு என்று மரகதம் இந்த முறை கேட்கவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல அது நல்ல சாட்சியாக மாறிக்கொண்டே போவதை ஆரோக்கியமேரி பார்த்தாள். இனிப் பேசிப் பயனில்லை. அவள் மைக்கைக் கீழே வைத்தாள். நாற்காலியின் இடது பக்கம் குனிந்து, கொடியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பைப்பைப் பின்னால் இழுத்தாள்.

காலையிலிருந்து நகராத நாற்காலி மெதுவாக ஓரடி முன்னால் உருண்டது.

மண்டபமே எழுந்து நின்றது. டிரம்ஸ்காரர் தானாக வாசித்தார். டக்ளஸ் முழங்காலில் விழுந்தார். இத்தனை வருட ஊழியத்தில் தன் கண்ணெதிரே நடந்த முதல் அற்புதம் இது என்று அவர் சொன்னதாகப் பிரிசில்லா பிறகு சொன்னாள். முகாமில் குணமானது ஒரு நாற்காலி.

இந்த ஆரவாரத்தில் தமிழ் புரிந்தவர் ஒருவர் மட்டும் கை தட்டவில்லை. யேசுதாஸ் கேரம் போர்டையும் பாயில் இருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கிஷோர் பலகையை விடாமல் பிடித்தான். அப்பா ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

"இது அந்த அக்காவுது கண்ணு" என்றார். ஆரோக்கியமேரியிடம், "தெரியாம உட்காந்துட்டோம். எடுத்துக்கங்க" என்றார்.

ஆஷ்லி இதையும் படம் எடுத்தாள். ஏழைத் தகப்பன் தனக்குக் கிடைத்ததை இன்னோர் ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கிறான் என்று ஃபிராங்க்ளின் மைக்கில் முழங்கினார். ஒரே நாற்காலியில் இரண்டு பிள்ளைகளுக்கு ஊழியம் நடந்திருக்கிறது. கன்டெய்னர் வந்திருந்தால்கூட இது நடந்திருக்காது என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

வாசலில் யேசுதாஸ் அவரைப் பிடித்துக்கொண்டார். கன்டெய்னர் வந்ததும் தன் பையனுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

"உங்க பையனுக்குக் கொடுத்தாச்சே தம்பி. பின் படம் எடுத்தாச்சு, அமெரிக்காவுக்கும் போயாச்சு. நீங்க அதைத் தியாகம் பண்ணினீங்க. அதுக்குப் பரலோகத்துல பலன் உண்டு."

"அங்கயும் தூக்கிக்கினுதான் போவணுமா பிரதர்?"

ஃபிராங்க்ளின் அவர் தோளைத் தட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார். வேனின் பின்பக்கம் காலியாகவே போனது.

ரிப்பனைப் பிய்த்து மரகதம் சாக்கடையில் போட்டாள். ஸ்டிக்கர் மட்டும் வரவில்லை. கூட்டம் கலைந்த தெருவில் எல்லோரும் கொஞ்ச தூரம் சேர்ந்தே நடந்தார்கள். யேசுதாஸ் பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பும்போது பிரிசில்லா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வெங்காய சேர்" என்றாள்.

ஆரோக்கியமேரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்குக் கூட்டிப்போய், மாடிப்படிக்குக் கீழே இருந்து கூடையை இறக்கினாள். சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். கிஷோர் உட்கார்ந்தான், கால் போய்க் கால் பலகையில் நின்றது. வெங்காயத் தோல் ஒன்று அவன் டிரவுசரில் ஒட்டிக்கொண்டது. வின்சென்ட் தன் ஆட்டோவில் நாற்காலியை மடக்கி வைத்து நீலசந்திராவில் விட்டுவிட்டு வந்தார். யாரும் சாட்சி சொல்லவில்லை.

பிரிசில்லாவின் கால் பலகையைச் செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இறக்கிக்கொண்டார்கள். வேலையைச் செய்துகொடுத்த ஆஸ்பத்திரிக்கார அம்மா பல்லைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யேசுதாஸ் மகனோடு வந்திருந்தார், இதற்குள் அது மூன்றாவது வருகை. கிஷோருக்கும் ஒரு முன்பலகை வேண்டுமாம். கேரம் போர்டில் இன்னும் மூன்று மூலை பாக்கி இருந்தது. வின்சென்ட் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் வேன் வந்து நின்றது. ஃபிராங்க்ளின் இறங்கினார், கூடவே கேமராவோடு ஒரு தொண்டர்.

அந்த வீடியோக் குடும்பம் நச்சரிக்கிறதாம். எங்கள் பையன் இப்போது எதில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்கிறார்களாம். யேசுதாஸ் வீடு எங்கே என்று விசாரிக்க வந்தாராம். சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் கிஷோரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தார்.

"பழசைக் குடுத்தா சாட்சி கெட்டுடும்னீங்களே" என்றாள் ஆரோக்கியமேரி.

"நாம குடுத்தா கெடும் சிஸ்டர். ஏற்கெனவே குடுத்திருந்தா அது சாட்சிதான்."

ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். ஒரே ஒரு சங்கடம் என்றார். முகாமில் எடுத்த முன் படத்தில் பையன் சிவப்புச் சட்டை, இன்றைக்கு நீலம். முன் படமும் பின் படமும் ஒரே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும், சட்டை மாறினால் அங்கே நம்ப மாட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் சந்தேகப் பேர்வழிகள்.

"அதனால பையனை ஒரு நிமிஷம் கீழ இறக்கி உட்கார வைங்க. முன் படம் ஒண்ணு எடுத்துட்டு உடனே ஏத்திடலாம்" என்றார். தொண்டர் வேனுக்குப் போய்ப் பாயை எடுத்து வந்தார். அதே பாய்.

யாரும் அசையவில்லை. ஃபிராங்க்ளின் தானே நாற்காலியின் பிடியைப் பற்றி வெளிச்சமான பக்கம் தள்ளப் போனார்.

"போடு" என்றாள் பிரிசில்லா.

தொண்டருக்கு அது குழறலாகத்தான் கேட்டிருக்கும். கிஷோருக்கு இந்த இரண்டு வாரத்தில் அவள் பேச்சு பழகியிருந்தது. ஒரு முறை அக்காவின் கையைப் பார்த்தான். இரண்டு நாற்காலிகளிலும் ஒரே நேரத்தில் பிரேக் விழுந்தது.

ஃபிராங்க்ளின் தள்ளினார். பலம் கொடுத்துத் தள்ளினார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இதுவும் ரிப்பேரா சிஸ்டர்?"

"ஆமா பிரதர்" என்றாள் ஆரோக்கியமேரி. "கர்த்தர் பார்த்துக்குவார்."